லைன் லீடர் பிரேமலா கற்ற ஜெர்மன்

ஆளுக்கு ஐந்தே நிமிடம்தான் என்று கண்டிப்பாக அறிவித்துவிட்டு, முதல் ஆளாக அதைத் தானே மீறிய குடியிருப்பாளர் சங்கத் தலைவர் ஐயா கணேஸ்வரன் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மாதர் பிரிவுத் தலைவி இராஜம்மா அவர்களே! செரண்டா தொழிற்சாலையிலிருந்து வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்து பின்வரிசையில் நடுங்கிக்கொண்டிருக்கும் தோழிகளே! புக்கிட் செந்தோசாப் பெருமக்களே! யாரோ கட்டிவிட்ட சேலை எந்த நொடி அவிழுமோ என்று மூச்சைக்கூட அளந்து விடும் எங்கள் சம்பந்தியம்மா ஹெல்கா அவர்களே! அவர் காதோரம் குனிந்து என் பேச்சை ஜெர்மன் மொழியில் சொல்லிக்கொண்டிருக்கும் என் மருமகள் நித்தியாவே! உங்கள் அனைவருக்கும் என் கனத்த வணக்கம்.

என் பெயர் அழகேசன். மறைந்த பிரேமலா சிவநேசனின் உடன்பிறந்த அண்ணன். நித்தியாவின் தாய்மாமன். ஜெரம் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டி ஓய்வு பெற்றவன். பொய் சொல்லும் தொழிலிலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவன். ஆகவே, அவையோரே, இந்த ஒலிபெருக்கியின் மீது ஆணையாக ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டால் போதும்.

ஏன் சொல்கிறேன்? அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் தங்கையை எடுத்துக்கொண்டு போன அன்று, கூட்டமெல்லாம் கலைந்தபின், விமானத்திலிருந்து இறங்கிய உடையோடு என் மருமகள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். அழவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, இந்தத் தீபாவளிக்கு வர முடியாதுன்னு சொன்னேன். வேற நேரமா இருந்தா அம்மா கத்தியிருப்பாங்க. போன வெச்சாலும் திரும்பத் திரும்ப அடிச்சிருப்பாங்க. இந்த வாட்டி ‘சரிம்மா, சாப்பிட்டியா’ன்னு கேட்டுட்டு விட்டுட்டாங்க. ஒரு சண்டைகூடப் போடல மாமா. அத்தை ஹெல்காகிட்ட மட்டும் மணிக்கணக்கா மாவு பெசஞ்சு பேசினாங்க. நான் வேணான்னு விட்டுட்டாங்களா?”

கருமாதி முடியட்டும் என்று காத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று இந்த மேடை ஏறியிருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் முடியாது, தலைவரே. மணியை எடுத்து உள்ளே வையுங்கள்.

யார் இந்தப் பிரேமலா? செரண்டாவில் ஒயர் பூட்டும் தொழிற்சாலையில் லைன் லீடர் பிரேமலா! அவள் ஒரு பார்வை பார்த்தால் மெசினே தப்பை ஒப்புக்கொள்ளும். பிரேமலா மோட்டாரில் வேலைக்குப் புறப்பட்டால், ரவாங் சாலையில் லோரிகள் ஒதுங்கி வழிவிடும். நானே ஒதுங்கியிருக்கிறேன். கணவர் சிவநேசன் போனபின் ஒற்றை ஆளாக நின்று மகளை ஆஸ்பத்திரித் தாதியாக்கி, அவளை ஜெர்மனிக்கு அனுப்பி வைத்த வீராங்கனை! தீபாவளி வந்தால் இந்தத் தாமான் குடியிருப்பில் நெய் உருண்டைக்கு அவளை விட்டால் ஆள் உண்டா? காய்ச்சிய நெய்யைக் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றி, அந்தச் சூட்டோடு கையை விட்டுப் பிடிப்பாள். ஆறவிட்டால் உருண்டை நிற்காது, உதிர்ந்துபோகும். உள்ளங்கை சிவந்திருக்கும். “கை வேகுதுலா” என்று நான் சொன்னால், “வெந்தாத்தாண்ணே உருண்டை” என்பாள்.

இந்த நெய் உருண்டையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்பேன்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லையெல்லாம் மூடிக்கிடந்தபோது நித்தியாவின் கல்யாணம் அங்கேயே நடந்தது. நாங்கள் இங்கே வரவேற்பறையில் பட்டுப் புடவை, ஜிப்பாவோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அட்சதை போட்டோம். திரையெல்லாம் மஞ்சள் அரிசி. மாப்பிள்ளை யோனாஸ் வணக்கம் சொன்னார். பிறகு அவருடைய அம்மா ஹெல்கா முன்னால் வந்தார். ஹெல்காவின் ஊரில் அவர் காலத்துப் பள்ளியில் ருஷ்ய மொழிதான் சொல்லிக்கொடுத்தார்களாம். ஆங்கிலம் அவருக்கும் தெரியாது. என் தங்கையின் ஆங்கிலமோ தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டாது. ஹெல்கா கண் கலங்க நெடுநேரம் ஏதோ சொன்னார். மணப்பெண் திரும்பி, “வணக்கம் சொல்றாங்கம்மா” என்றாள். அவ்வளவு பெரிய வணக்கமா என்று நான் வியந்தேன். “நீ ஏதாச்சும் சொல்லும்மா, நான் சொல்றேன்” என்றாள் நித்தியா.

என் தங்கை வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். கடைசியில் என்ன சொன்னாள் தெரியுமா? “சாப்பிட்டாங்களான்னு கேளு.”

அன்று சாயங்காலம் பட்டுப் புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். “பொண்ணக் குடுக்கிறப்ப சம்பந்திகிட்ட நாலு வார்த்தை சொல்லணும்ல அண்ணே. இவ இப்படி, இவ குணம் இப்படின்னு. அதப் பொண்ணையே வெச்சு எப்படிச் சொல்றது?”

அவையோரே, யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் ஒரு தாய் தன் பெண்ணைப் பற்றி இன்னொரு தாயிடம் சொல்ல வேண்டியதை எங்கே வைத்துச் சொல்வாள்? வெற்றிலைத் தட்டை நகர்த்திவிட்டு, பெண் அந்தப் பக்கம் போன நேரத்தில், குரலைத் தாழ்த்தித்தானே? அதை அந்தப் பெண்ணே மொழிபெயர்த்தால்? தொழிற்சாலைத் தோழி துளசி கைப்பேசியில் மொழிபெயர்க்கும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். “என் மகள் கொஞ்சம் கோபக்காரி” என்று பிரேமலா அதனிடம் சொன்னாள். அது ரயில் நிலைய அறிவிப்பாளர் குரலில் எதையோ முழங்கியது. பிரேமலா பயந்துபோய் அணைத்துவிட்டாள். “சம்பந்திகிட்ட மெசின வெச்சா பேசுவாங்க?”

அத்தோடு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பிரேமலாவா விடுவாள்!

அந்த டிசம்பரில் ஹெல்காவிடமிருந்து தபாலில் ஒரு தகர டின் வந்தது. திறந்தோம். உள்ளே வெள்ளைப் பொடி. விபூதியோ என்று நான் நெற்றியில் பூசப் போனேன். வாசம் தடுத்தது. அது அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் பிறை வடிவப் பிஸ்கட்டு. கிப்ஃபெர்ல் என்று பெயர். ஜெர்மனியிலிருந்து புக்கிட் செந்தோசா வருவதற்குள் அத்தனை பிறையும் தேய்ந்து அமாவாசையாகிவிட்டது. பிரேமலா அந்தப் பொடியில் ஒரு கரண்டி எடுத்துச் சிவநேசன் படத்துக்கு முன் வைத்துவிட்டு, மீதியைக் கரண்டியாலேயே தின்றாள். பிறகு நன்றி சொல்ல வீடியோவில் அழைத்தாள். நன்றிக்கு ஜெர்மனில் என்ன சொல்? தெரியாது. வெறும் டின்னைத் தூக்கிக் காட்டினாள். அங்கே ஹெல்கா சிரித்துவிட்டு, கைப்பேசியோடு தன் அடுப்படிக்குப் போய் வெண்ணெயை எடுத்து மேசையில் வைத்தார். பிரேமலாவும் தன் குளிர்பெட்டியைத் திறந்து வெண்ணெயை எடுத்து வைத்தாள்.

அன்று தொடங்கியது, அவையோரே, வரலாறு!

அந்த அடுப்படிப் பல்கலைக்கழகத்தில் நான் வகித்த பதவி என்ன தெரியுமா? கைப்பேசித் தாங்கி. மூன்று டிசம்பர் மாதங்கள் இந்த வலது கை கீழே இறங்கவில்லை. இன்னும்கூடச் சட்டை போடும்போது தானாக மேலே போகிறது. “அண்ணே, மாவக் காட்டுண்ணே, உம் மூஞ்சிய இல்ல!” என்று அவள் போட்ட சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது.

பாடம் எப்படி நடந்தது? ஹெல்கா ஒரு பொருளைத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்வார். பிரேமலா அதே பொருளைக் கையில் பிடித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வாள். கைக்கு வராத சொல்லை அவள் வாய்க்கு விட்டதே இல்லை. முதல் நாள் ஹெல்கா வெகு பவ்வியமாக ஒரு சிறு புட்டியைத் தூக்கி, “ட்ஸிம்ட்” என்றார். பட்டை. இன்னொன்று, “நெல்க்கன்.” கிராம்பு. அடுத்தது, “கார்டமோம்.” ஏலக்காய். கிறிஸ்துமஸ் வாசனை இதுதான் என்று நித்தியா முன்பே சொல்லியிருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறைதான் இதையெல்லாம் வெளியே எடுப்பார்களாம். என் தங்கை இடுப்பில் கைவைத்து நின்றாள். “என்னாண்ணே இது, நம்ம பிரியாணி சாமான்லா! இதுக்கா வருசம் முழுக்கக் காத்திருக்காங்க?” என்று சொல்லிவிட்டுத் தன் மசாலா டப்பாவைத் திறந்து கேமராவில் காட்டினாள். ஹெல்கா இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மனியில் ஒரு கிறிஸ்துமஸுக்கு வேண்டியது எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதாயிற்றே!

அந்த வாசம் கிளம்பியதும் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? செரண்டாவில் கொமுட்டர் ரயில் தானாக நின்றது. ஓட்டுநர் இறங்கி மோப்பம் பிடித்தபடி எங்கள் வீட்டு வாசல்வரை நடந்தே வந்தார். கோலசிலாங்கூர் மலைக் குரங்குகள் வரிசையில் நின்று பஸ் ஏறி, நடத்துநரிடம் “புக்கிட் செந்தோசா” என்று கேட்டன. சிரிக்காதீர்கள், இது இரங்கல் கூட்டம்.

அடுத்த பாடம் மாவு. பிசைந்த மாவுக்கு அங்கே “டைக்” என்று பெயர். டைக்கைக் குளிரில் வைக்க வேண்டும். “கால்ட், கால்ட்” என்றார் ஹெல்கா. அவருக்கென்ன? சன்னலைத் திறந்து வெளியே வைத்தார். அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாங்களும் சன்னலைத் திறந்தோம். வெயில் உள்ளே வந்து மாவின்மேல் உட்கார்ந்தது. வெண்ணெய் உருகி மேசைக் கால் வழியாக ஓடியது. வீட்டுக் குளிர்பெட்டியோ அன்று பார்த்து இறந்துகிடந்தது. உடனே நான் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவந்து விற்பாரே நம் வீரன், அவருடைய மோட்டாரை மறித்து, கெம்போங் மீனுக்கும் இறாலுக்கும் நடுவே ஜெர்மன் மாவைத் துயில்கொள்ளச் செய்தேன். நன்றாகத்தான் தூங்கியது. எழுந்தபோது ஊர் வாசனையோடு எழுந்தது. முதல் பிஸ்கட்டு வழக்கம்போல் சிவநேசன் படத்துக்குப் போனது. என் மைத்துனர் வாழ்ந்த காலத்தில் மனைவி சமையலைக் குறை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஒரு மாதிரி பார்த்தார், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நித்தியா, இதைச் சம்பந்தியம்மாவுக்குக் கவனமாகச் சொல். அவர் சிரிப்பார்.

முதல் தட்டுக் கிப்ஃபெர்ல் அடுப்பிலிருந்து வெளியே வந்தது. பொன் நிறம்! அழகான பிறைகள்! நெய் உருண்டை பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? சூட்டோடு எடுத்து அடுக்க வேண்டும் என்று என் தங்கை பத்து விரலையும் தட்டில் விட்டாள். அத்தனையும் பொலபொலவென்று நொறுங்கியது. கைப்பேசிக்குள்ளிருந்து ஹெல்கா போட்ட சத்தத்தில் நான் கைப்பேசியை எட்டப் பிடித்தேன். “நிஹ்ட் அன்ஃபஸன்!” தொடாதே! “ஹைஸ்!” சூடு! “ப்ரிஹ்ட்!” உடையும்! “வார்ட்டன், பிரேமலா, வார்ட்டன்!” பொறு, பொறு!

பிரேமலா கையை இழுத்துக்கொண்டாள். அடுத்த தட்டு வந்தது. ஆசையைப் பாருங்கள், மறுபடியும் கை வைத்தாள். மறுபடியும் நொறுங்கியது. மூன்றாவது தட்டு வந்தபோது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அடுப்படியில் என் தங்கை கைகட்டி நின்று நான் பார்த்தது அன்றுதான். மின்விசிறி ஓடியது. தட்டு ஆறியது. ஹெல்கா தலையை ஆட்டினார். பிரேமலா இரண்டு விரலால் ஒரு பிறையைத் தூக்கினாள். உடையவில்லை. கெட்டியாக, முழுசாக நின்றது. “டான் கூட்” என்றார் ஹெல்கா. அப்புறம் நல்லாயிருக்கும்.

என் தங்கை அந்தப் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நம்ம பலகாரத்துக்கு நேர்மாறா இருக்குண்ணே” என்றாள். “நம்மது சூட்டுல பிடிச்சாத்தான் நிக்கும். இது சூட்டுல விட்டாத்தான் நிக்குது.”

பலகாரத்தைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அப்போது புரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சொற்கள் வீட்டை விட்டு வெளியேறி நடமாட ஆரம்பித்தன. தொழிற்சாலையில் யாரோ பசை காயாத ஒயரை இழுக்கப் போக, லைன் லீடர் “வார்ட்டன்!” என்று கத்தினாளாம். லைன் மொத்தமும் நின்றுவிட்டதாம். பின்வரிசைத் தோழிகள் தலையாட்டுகிறார்கள் பாருங்கள். நானோ படிக்கவே இல்லை. சும்மா கைப்பேசி பிடித்தவன். பக்கத்தில் இருப்பவனுக்குச் சளி ஒட்டுவதுபோல எனக்கும் அந்த மொழி ஒட்டிக்கொண்டது. அவளுக்கு எத்தனை சொல் தெரியுமோ, அத்தனையும் எனக்கும் தெரியும். ஒன்றுகூட அடுப்படிக்கு வெளியே உள்ள சொல் இல்லை. நலமா என்று கேட்கத் தெரியாது. மழை பெய்கிறது என்று சொல்லத் தெரியாது. மாவு, சூடு, குளிர், உடையும், பொறு, நல்லது. அவ்வளவுதான் எங்கள் ஜெர்மன்.

அவையோரே! அந்த மொழியை வைத்துக்கொண்டு ஒரு தாய் தன் மகளைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

இந்தத் தீபாவளிக்கு முன்னால் நெஞ்சுவலி என்று அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். நித்தியாவுக்குச் சொல்லக் கூடாது என்று என் வாயை அடைத்துவிட்டாள். “அவ நர்சு. சொன்னா மருந்துக்கு மருந்து கணக்குக் கேப்பா” என்றாள். அந்தக் கட்டிலில் கிடக்கும்போதுதான் நித்தியா கூப்பிட்டு, தீபாவளிக்கு வர முடியாது என்றாள். வேலையிடத்தில் என்ன கோபமோ, படபடவென்று பேசினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இதோ வெடிக்கப்போகிறாள் என் தங்கை என்று காதைப் பொத்தத் தயாரானேன். தாயும் மகளும் அப்படித்தானே! இவள் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, போனை வைக்க, திரும்ப அடிக்க, ஒரு வாரம் அந்தச் சூடு ஓடும். ஆனால் பிரேமலா, “சரிம்மா. சாப்பிட்டியா?” என்றாள். போனை வைத்தாள். திரும்ப அடிக்கவில்லை. அவளுடைய வலது கை மட்டும் போர்வைக்குள் போய்விட்டது.

மறுநாள் பகல் பார்வையாளர் நேரத்தில் சொன்னாள். “அண்ணே, போன எடு. சம்பந்தியம்மாவக் கூப்பிடு. நித்தியா இப்ப வேலையில இருப்பா.”

கூப்பிட்டேன். என் பழைய பதவியில் கையைத் தூக்கி நின்றேன். அங்கே காலை. ஹெல்கா அடுப்படியில் இருந்தார். மருத்துவமனைக் கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என் தங்கை அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல், யாரிடமும் சொல்லாதே என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“டைக்” என்றாள். மாவு.

ஹெல்கா தலையாட்டினார்.

“ஹைஸ். நிஹ்ட் அன்ஃபஸன். ப்ரிஹ்ட்.” சூடா இருக்கும். அப்பத் தொடாதே. உடைஞ்சுபோகும். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “வார்ட்டன். டான் கூட்.” பொறுத்துக்கோ. அப்புறம் நல்லாயிருக்கும். பிறகு அவளாகவே ஒன்றைச் சேர்த்தாள். “ஸேர் கூட்.” ரொம்ப ரொம்ப நல்லாயிருக்கும்.

ஹெல்கா கைப்பேசிக்குள்ளிருந்து கட்டிலை முழுக்கத் தேடினார். வெள்ளைப் போர்வை. சொட்டு மருந்துக் குழாய். ஒரு தண்ணீர்ப் புட்டி. “வெல்ஹர் டைக், பிரேமலா?” என்று கேட்டார். எந்த மாவு?

என் தங்கை சொன்னாள்.

“நித்தியா.”

நித்தியா. மருமகளே, நீ மொழிபெயர்ப்பதை நிறுத்து. இது சம்பந்தியம்மாவுக்குத் தெரியும். இது உனக்கு.

ஹெல்கா ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். பிறகு ஏதோ சொன்னார். அதில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்றுதான், வார்ட்டெ. நான் பொறுப்பேன். அதற்குமேல் எனக்குப் புரியவில்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் புரிந்தது. பல வருஷம் முன்னால் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நடந்திருக்க வேண்டிய பேச்சு அன்றைக்குத்தான் முடிந்தது.

போனை வைத்ததும் பிரேமலா என்னிடம் சொன்னாள். “இவளயும் நெய் உருண்ட மாதிரியே வளத்துட்டேன் அண்ணே. சூட்டோட சூட்டாப் போய்க் கைய வெச்சுட்டே இருந்தேன். கை வெச்சாத்தான் நிப்பான்னு நெனச்சேன். ஒவ்வொரு வாட்டியும் உடைஞ்சுது. இவ அந்த ஜாதி மாவு இல்ல. பாத்தியா, இத எனக்குச் சொல்லிக்குடுக்க ஒரு வெள்ளைக்காரி அடுப்பு வேண்டியிருந்துச்சு.” நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, “போன சாய்க்காதண்ணே” என்றாள். போன் என் சட்டைப் பையில் இருந்தது. “இத அவகிட்ட இப்பச் சொல்லிடாத. ‘நான் என்ன சின்னப் புள்ளையா’ன்னு குதிப்பா. எனக்கப்புறம் வேணா சொல்லு.”

உன் அம்மா சண்டை போடவில்லை, நித்தியா. போடத் தெரியாமலா? பிரேமலாவுக்கா தெரியாது! கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள் அம்மா. அவ்வளவுதான். அது எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கையைப் பார்த்த எனக்குத் தெரியும். உன்னை விட்டுவிடவில்லை. ஆறட்டும் என்று உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நீயும் ஆறினாயே! தீபாவளி முடிந்து, அவள் வீடு திரும்பியபின், யாரும் கூப்பிடாமல் நீயாகவே கூப்பிட்டு, “அம்மா, டிசம்பர்ல வரேன். அத்தையையும் கூட்டிட்டு வரேன். நம்ம வீட்ல கிப்ஃபெர்ல் சுடலாம்” என்றாயே! அன்று அவளைப் பார்த்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டு, சிவநேசன் படத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. “பாத்தியாண்ணே, ஆறிடுச்சு.” மாவு சலிக்கும் சல்லடையை அன்றே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் எடுத்த டிக்கெட்டின் தேதிக்கு முன்னாலேயே உங்களை வரவழைத்துவிட்டாள். பொறுமை படித்த என் தங்கைக்குக் கடைசியில் அந்த ஒன்றில் மட்டும் பொறுமை இல்லாமல் போயிற்று.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

தலைவரே, முடிக்கிறேன். நம் மன்றங்களில் மறைந்தவர் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைப்பது மரபு. நானும் உரைக்கிறேன். பிரேமலா எனக்கு விட்டுப்போனது ஒரு பாதி மொழியும் ஒரு முழு உறவும். இனி என் மருமகளைப் பற்றிச் சம்பந்தியம்மாவிடம் சொல்ல வேண்டியது எதுவானாலும் அது தாய்மாமன் பொறுப்பு. எனக்குத் தெரிந்த அத்தனை சொற்களையும் வைத்து, மாவை வைத்தே, எதையும் பேசி முடிப்பேன். தேவைப்பட்டால் புதிய சொல்லுக்காகப் புதிய பிஸ்கட்டே படிப்பேன்!

நாளைக் காலை பிரேமலா வீட்டு அடுப்படியில் கிப்ஃபெர்ல் சுடப்படும் என்றும் இதன்மூலம் அறிவிக்கிறேன். இதற்கு எங்கள் பெரியம்மா மகள் சின்னத்தாய் அக்கா இப்போதே எழுந்து கையைத் தூக்குகிறார், எனக்குத் தெரிகிறது. “சாவு விழுந்த வீட்ல ஒரு வருசத்துக்குப் பலகாரம் சுடக்கூடாதுடா, எண்ணெய்ச் சட்டி வெக்கக் கூடாதுடா” என்று நேற்றே என்னைப் பிடித்துவிட்டார். அக்கா, மரபை நான் மீறுவேனா? எண்ணெய்ச் சட்டி வைக்கப் போவதில்லை. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இது ‘ஓவன்’ அடுப்பு. நம் முன்னோர் எண்ணெய்ச் சட்டிக்குத்தான் தடை போட்டார்கள், ஜெர்மன் தட்டுக்குப் போடவில்லை. முதல் பிஸ்கட்டு இந்த முறை இரண்டு படங்களுக்கு முன்னால் போகும். அதற்கும் நீங்கள் கோபித்துக்கொண்டால், அக்கா, நான் பதில் பேச மாட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நீங்கள் ஆறும்வரை நிற்பேன்.

மாவு பிசைய ஹெல்கா, பிறை பிடிக்க நித்தியா. கைப்பேசி பிடிக்க யாரும் தேவையில்லை. இந்தக் கைக்கு முதல் முறையாக ஓய்வு. அது எங்கே போகும் என்றுதான் தெரியவில்லை.

கடைசியாக, தொடக்கத்தில் கொடுத்த வாக்குக்கு வருகிறேன். நம்ப மாட்டீர்கள் என்றேன். நம்பாதீர்கள். செரண்டாவில் ரயில் நிற்கவில்லை. அது நேரத்துக்கு வந்தாலே நமக்கெல்லாம் ஆச்சரியம். குரங்குகள் பஸ் ஏறவில்லை. மாவை மீன் பெட்டியில் வைத்தேன் என்றதை வீரன் மறுப்பார், மறுக்கட்டும். லோரிகள் அவளுக்கு ஒதுங்கியதும் இல்லை, அவள்தான் வாழ்நாள் முழுக்க ஓரமாகப் போனாள். நான் சொன்னதில் பெரும்பகுதி அழகேசன் சரக்கு. ஒரு சின்னத் துண்டு மட்டும் நான் கலக்காதது. வேண்டுமானால் முன்வரிசையில் அழுதுகொண்டிருக்கும் அந்தச் சம்பந்தியம்மாவைக் கேளுங்கள்.

அன்றைக்கு அந்தக் கட்டிலில் மாவே இல்லை. அது மட்டும் நிஜம்.